ஒரு வினை, நூற்றெட்டுக் கட்டங்கள்: ஸ்பானிய வினைத்திரிபு அட்டவணை குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

ஸ்பானிய மொழி கற்போரிடம் முதலில் தரப்படும் இலக்கணக் கருவி வினைத்திரிபு அட்டவணையாகும். ஒரு வினையைக் காலந்தோறும் வினைநோக்குதோறும் மூவிடங்களுக்கும் இரு எண்களுக்கும் ஏற்ப விரித்துக் காட்டுவது அதன் பணி. அதற்கு எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுவது ஒழுங்கு வினை. தன் பகுதியில் மாற்றம் பெறாமல், தான் சார்ந்த வகைக்குரிய ஈறுகளை மட்டும் ஏற்று நடப்பதே ஒழுங்கு வினை எனப்படும். மாணவர் அதனை மனனம் செய்கின்றனர். ஆசிரியர் ஒப்புவிக்கச் செய்கின்றார். அதற்கு மேல் அங்கு ஆராய எதுவும் இல்லை என்பதே பொதுவான எண்ணம்.

இக்கட்டுரை அவ்வெண்ணத்தை மறுக்கிறது. அட்டவணையின் கட்டங்களில் உள்ள வடிவங்கள் மொழிக்கு உரியவை. அவற்றின் மேல் எழுதப்பட்ட தலைப்புகளோ இலக்கண ஆசிரியர்களுக்கு உரியவை. ஒவ்வொரு தலைப்பும் ஒரு தீர்ப்பு. அத்தீர்ப்புகளுட் சில நன்கு ஆராய்ந்து வழங்கப்பட்டவை; சில இலத்தீன் இலக்கணத்திலிருந்து வழிவழியாக வந்தவை; சில நூற்றாண்டுக்கொரு முறை மாற்றி எழுதப்பட்டவை. ஒழுங்கு வினை ஒன்றைக் கொண்டு இத்தீர்ப்புகளை மதிப்பிடுவதே நம் நோக்கம். வினைநோக்கு என்னும் சொல்லை, பேசுவோர் தாம் சொல்லும் செய்தியை எவ்வகையில் முன்வைக்கிறார் என்பதைக் காட்டும் இலக்கணக் கூறு என்ற பொருளில் ஈண்டு ஆள்கிறோம்.

1. அட்டவணையின் அமைப்பு

'பேசு' எனப் பொருள்படும் அப்லார் என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். ஸ்பானிய எழுத்தில் இச்சொல்லின் முதலில் ஹகர ஒலிக்குரிய எழுத்து நின்றாலும் அஃது ஒலிக்கப்படுவதில்லை. ஸ்பானிய மொழியில் சொல்லழுத்தம் பொருளை வேறுபடுத்தும் ஆற்றல் உடையது. ஆதலின், அழுத்தம் பெறும் அசையை இக்கட்டுரையில் நெடிலாகவும் ஏனையவற்றைக் குறிலாகவும் எழுதுகிறோம். இம்முறையில் ஆப்லொ என்பது 'பேசுகிறேன்'. அப்லோ என்பது 'பேசினார்'. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு அழுத்தம் ஒன்றே.

தன்மை ஒருமையில் இவ்வினையின் தனிவடிவங்கள் வருமாறு:

அறிவிப்பு நோக்கு
நிகழ்காலம்: ஆப்லொ
முற்றாத இறந்தகாலம்: அப்லாப
முற்றிய இறந்தகாலம்: அப்லே
எதிர்காலம்: அப்லரே
நிபந்தனை வடிவம்: அப்லரீய

சார்பு நோக்கு
நிகழ்காலம்: ஆப்லெ
இறந்தகாலம், முதல் வடிவம்: அப்லார
இறந்தகாலம், இரண்டாம் வடிவம்: அப்லாஸெ
எதிர்காலம்: அப்லாரெ

ஒன்பது வரிசைகள், வரிசைக்கு ஆறு வடிவங்கள் என 54 கட்டங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் இணையாக அவேர் என்னும் துணைவினையோடு அப்லாதொ என்னும் எச்சம் சேர்ந்த கூட்டு வடிவம் உண்டு. ஆக 108 கட்டங்கள். ஏவலும், காலம் காட்டாத மூன்று வடிவங்களும் இக்கணக்கிற்குப் புறம்பானவை.

இத்தொகையிலேயே இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, 54 தனிவடிவக் கட்டங்களில் வேறுபட்ட சொற்கள் 47 மட்டுமே. 'பேசுகிறோம்', 'பேசினோம்' ஆகிய இரண்டிற்கும் அப்லாமொஸ் என்ற ஒரே வடிவம் வருகிறது. அப்லாப என்பது 'பேசிக்கொண்டிருந்தேன்' எனவும் 'பேசிக்கொண்டிருந்தார்' எனவும் பொருள்படும். இரண்டாவது, கூட்டு வடிவங்களைத் தாங்கும் அவேர் ஓர் ஒழுங்கற்ற வினை. ஒழுங்கு வினையின் அட்டவணையில் சரிபாதி ஒழுங்கற்ற வினை ஒன்றன் துணையால் நிற்கிறது. அட்டவணை காட்டும் ஒழுங்கு, கட்டம் வரைந்தவரின் ஒழுங்கே அன்றி மொழியின் ஒழுங்கு மட்டுமன்று என்பதை இது தொடக்கத்திலேயே உணர்த்துகிறது.

2. பகுபத நோக்கில் ஸ்பானிய வினை

நன்னூல் கூறும் பகுபத உறுப்புகளைக் கொண்டு ஸ்பானிய வினையை நோக்குவது பயன் தரும். 'பேசிக்கொண்டிருந்தோம்' எனப் பொருள்படும் அப்லாபமொஸ் என்பதில் அப்ல் பகுதி. ஆ என்பது இவ்வினை எவ்வகையைச் சார்ந்தது எனக் காட்டும் உயிர். ப காலங்காட்டும் இடைநிலை. மொஸ் தன்மைப் பன்மை விகுதி. பேசுகிறோம் என்பதைப் பேசு, கிறு, ஓம் எனப் பிரித்துப் பழகிய மாணவருக்கு இப்பகுப்பு எளிதில் விளங்கும்.

எனினும், இப்பகுப்பு எல்லாக் கட்டங்களுக்கும் பொருந்துவதில்லை. ஆப்லொ என்பதில் பகுதியை அடுத்து நிற்பது ஓர் உயிர் மட்டுமே. தன்மை, ஒருமை, நிகழ்காலம், அறிவிப்பு நோக்கு ஆகிய நான்கையும் அவ்வோர் உயிரே உணர்த்துகிறது. இடைநிலையைத் தனியே காட்ட இயலாது. தமிழ் இலக்கண மரபு இத்தகைய நிலையை அறியாததன்று. செய்கு போன்ற தன்மை ஒருமை வினைமுற்றுகளில் கு, டு, து, று ஆகிய விகுதிகளே காலத்தையும் காட்டும் என நம் இலக்கணிகள் தனித்து விதந்தனர். இடைநிலை இல்லாத இடத்தில் அதனை வலிந்து புகுத்தாமல், விகுதியே காலமும் காட்டும் என்றது அம்மரபின் நேர்மை.

அட்டவணை முறையில் இத்தகைய நுட்பத்திற்கு இடமில்லை. அப்லாபமொஸ், ஆப்லொ ஆகிய இரண்டும் ஒரே அளவான கட்டங்களில் அமர்கின்றன. ஒன்று பகுக்கத்தக்கது, மற்றொன்று முழுமையாகப் பகுக்க இயலாதது என்ற வேறுபாடு அங்குப் புலப்படுவதில்லை. நூற்பா முறை காரணம் கூறும். அட்டவணை முறை விளைவை மட்டும் காட்டும். இரண்டும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டாவது முதலாவதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் எழுகிறது.

3. ஒரு வடிவம், மாறிவந்த தலைப்புகள்

தலைப்புகள் தீர்ப்புகளே என்பதற்கு அப்லரீய என்னும் வடிவத்தின் வரலாறு தக்க சான்றாகும். 1713-இல் நிறுவப்பட்ட அரச ஸ்பானியக் கழகம் 1771-இல் தன் முதல் இலக்கணத்தை வெளியிட்டது. அதில் இவ்வடிவம் அப்லார, அப்லாஸெ ஆகியவற்றுடன் சார்பு நோக்கின் இறந்தகாலமாக ஒரே தலைப்பின் கீழ் வைக்கப்பட்டது. 1917-ஆம் ஆண்டுப் பதிப்பில் அதே கழகம் இதனை அங்கிருந்து பிரித்து, 'ஆற்றல் நோக்கு' எனப் பொருள்படும் தனி வினைநோக்காக்கியது. 1973-இல் வெளிவந்த புதிய இலக்கணத்திற்கான முன்வரைவு, இதனை அறிவிப்பு நோக்கில் சேர்த்து நிபந்தனை வடிவம் எனப் பெயரிட்டது. 2009-இல் வெளிவந்த புதிய இலக்கணமும் இதனை அறிவிப்பு நோக்கிலேயே வைத்துள்ளது. ஸ்பானிய மொழி பேசுவோர் இக்காலம் முழுதும் இவ்வடிவத்தைத் தம் பேச்சில் வழங்கியே வந்தனர். மாறியது அதன் மேலிருந்த பலகை மட்டுமே.

கழகம் 1973-இல் வந்தடைந்த இடத்தை 1841-இலேயே கண்டவர் அந்திரேஸ் பெல்லோ. 1781-இல் கரகாஸ் நகரில் பிறந்த இவர், 1810 முதல் 1829 வரை இலண்டனில் வாழ்ந்து, பின்னர்ச் சிலி நாட்டில் குடியேறி, 1843-இல் சிலிப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானவர். ஸ்பானிய வினையின் காலங்களை ஆராய்ந்து 1841-இல் அவர் வெளியிட்ட நூலும், அமெரிக்கக் கண்டத்து ஸ்பானியர்க்கென 1847-இல் எழுதிய இலக்கணமும் இத்துறையின் திருப்புமுனைகள். அப்லரீய ஒரு வினைநோக்கு அன்று. அஃது ஒரு காலம். இறந்தகாலப் புள்ளி ஒன்றிலிருந்து நோக்கும்போது அதற்குப் பின் நிகழ்வதைக் குறிக்கும் காலம் என்பது அவர் முடிபு. தீஹொ கெ அப்லரீய என்றால், பின்னர்ப் பேசப்போவதாக அவர் முன்னரே சொன்னார் என்று பொருள்.

சொல்லின் பிறப்பும் பெல்லோவின் கருத்துக்கே சான்று பகர்கிறது. எதிர்கால வடிவமான அப்லரே, அப்லார் என்னும் வினைப்பெயருடன் 'உடைத்தாயிரு' எனப் பொருள்பட்ட துணைவினையின் நிகழ்காலம் ஒட்டிப் பிறந்தது. அப்லரீய, அதே வினைப்பெயருடன் அதே துணைவினையின் முற்றாத இறந்தகாலம் ஒட்டிப் பிறந்தது. முதல் வடிவத்தின் இக்கட்டமைப்பை 1492-இலேயே அந்தோனியோ தெ நெப்ரிஹா தம் காஸ்தீலிய இலக்கணத்தில் குறிப்பிட்டுள்ளார்.

தமிழாசிரியர்க்கு இது புதிராகாது. பேசவிருக்கிறேன், பேசவிருந்தேன் என்னும் இணையை ஒப்புநோக்குக. செயவெனெச்சத்தின் பின் இரு என்னும் துணைவினை நிகழ்காலத்தில் நின்றால் இனி நிகழவிருப்பதையும், இறந்தகாலத்தில் நின்றால் அன்று நிகழவிருந்ததையும் உணர்த்துகிறது. ஸ்பானிய மொழியில் துணைவினை 'உடைமை'ப் பொருளது. தமிழில் 'இருத்தல்' பொருளது. அதுதவிர அமைப்பு ஒன்றே. பேசவிருந்தேன் என்பதை எவரும் தனி வினைநோக்கு எனக் கூறார். இவ்விணையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், கழகம் நெடுங்காலம் தடுமாறிய இடத்தைத் தமிழ் மாணவர் ஒரே பாடவேளையில் கடந்துவிடுவர்.

4. பெல்லோவின் அளவுகோல்: நிறையும் குறையும்

பெல்லோ காலங்களுக்குச் சூட்டிய பெயர்கள் ஓர் அளவுகோலைப் போன்றவை. நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் ஆகியவை அடிப்படை. 'உடன்', 'பின்', 'முன்' எனப் பொருள்படும் முன்னொட்டுகளால் ஏனையவை பெயர் பெறும். அப்லாப உடன்-இறந்தகாலம், அப்லரீய பின்-இறந்தகாலம், துணைவினை சேர்ந்த கூட்டு வடிவங்கள் முன்-நிகழ்காலம், முன்-எதிர்காலம் என அமையும். பெயரைக் கேட்டவுடன் அக்காலம் எந்தப் புள்ளியிலிருந்து எத்திசையில் அளக்கப்படுகிறது என்பது தெரிந்துவிடுகிறது. கழகத்தின் மரபுப் பெயர்களுக்கு இச்சிறப்பு இல்லை. மெக்சிகோ போன்ற நாடுகளின் பள்ளிகளில் பெல்லோவின் பெயர்கள் வழங்கிவருவதும், 2005-இல் வெளிவந்த அனைத்து ஸ்பானிய ஐயங்கள் அகராதியின் வினைத்திரிபுப் பட்டியல்கள் இருவகைப் பெயர்களையும் அருகருகே தருவதும் இதன் பயன்பாட்டிற்குச் சான்றுகள்.

குறையும் உண்டு. பெல்லோ எல்லாவற்றையும் காலத்தின் வழியே அளக்கிறார். அப்லாப, அப்லோ ஆகியவற்றின் வேறுபாடோ காலவேறுபாடு அன்று. இரண்டும் கடந்ததையே கூறுகின்றன. குவாந்தொ எந்த்ரே, அப்லாப என்றால் 'நான் நுழைந்தபோது அவர் பேசிக்கொண்டிருந்தார்'. செயலை உள்ளிருந்து, அது நடந்துகொண்டிருக்கும் நிலையில் காண்பது அப்லாப. வெளியிலிருந்து, தொடக்கமும் முடிவும் அடங்கிய முழுமையாகக் காண்பது அப்லோ. உடன்-இறந்தகாலம் என்னும் பெயர் இவ்வேறுபாட்டின் ஒரு விளைவைக் கூறுகிறதே தவிர அதன் மூலத்தைக் கூறவில்லை.

பாடநூல்களில் பரவலாகக் காணப்படும் மற்றொரு விளக்கம் இதனினும் குறையுடையது. நீண்ட செயலுக்கு அப்லாப, குறுகிய செயலுக்கு அப்லோ என்பது அவ்விளக்கம். 'அவர் இரண்டு மணி நேரம் பேசினார்' என்பதற்கு அப்லோ என்பதே இயல்பாக வரும். இரண்டு மணி நேரம் குறுகியதன்று. ஆயினும் அஃது எல்லையிடப்பட்டது. வேறுபாடு நீளத்தில் இல்லை, எல்லையில் உள்ளது. பேசினார், பேசிக்கொண்டிருந்தார் என்னும் தமிழ் இணையைத் தெரிந்த மாணவரிடம் இதனை நீளத்தின் பெயரால் விளக்குவது, அவர் ஏற்கெனவே அறிந்ததை மறக்கச் செய்வதாகும்.

'எதிர்காலம்' என்னும் தலைப்பும் முழுமையானதன்று. கொன் கியேன் அப்லரா என்பது 'அவர் யாரிடம் பேசுவார்' எனப் பொருள்படுவதோடு, 'இப்போது யாரிடம் பேசிக்கொண்டிருப்பாரோ' என்னும் ஊகத்தையும் குறிக்கும். இவ்வூகத்தைக் கடந்த நேரத்திற்கு மாற்றினால் அப்லரா, அப்லரீய ஆகிவிடும். 'அவர் இந்நேரம் வீட்டில் இருப்பார்' என்னும் தமிழ்த் தொடரில் எதிர்கால வடிவம் நிகழ்கால ஊகத்தை உணர்த்துவது போன்றதே இது. பெல்லோ இத்தகைய வழக்குகளைக் காலங்களின் உருவகப் பயன்பாடு எனத் தனியே ஆராய்ந்தார். அவரை அறியாத அட்டவணைகள் 'எதிர்காலம்' என்று எழுதிவிட்டு அமைதி கொள்கின்றன.

5. சார்பு நோக்கு: ஐயமா, அறிவியாமையா?

அட்டவணை முறையின் பெருங்குறை வெளிப்படும் இடம் சார்பு நோக்கு. வடிவளவில் இதன் ஆக்கம் வியப்புக்குரியது. அப்லார் வகை வினைகள் அறிவிப்பு நோக்கில் அகரத்தையும் சார்பு நோக்கில் எகரத்தையும் கொள்ளும்: ஆப்ல, ஆப்லெ. 'உண்' எனப் பொருள்படும் கொமேர் போன்ற ஏனை வகை வினைகளில் இது தலைகீழாகும்: அறிவிப்பில் கோமெ, சார்பில் கோம. எனவே சார்பு நோக்கிற்கென ஓர் உயிர் இல்லை. இவ்வினை எவ்வகையைச் சார்ந்தது என முன்பே அறிந்தவருக்கு மட்டுமே அவ்வுயிர் பொருள் தரும். பொருள் உயிரில் இல்லை. இரு வடிவங்களின் எதிர்நிலையில் உள்ளது. அறிவிப்பு நோக்கை ஒரு பக்கத்திலும் சார்பு நோக்கை மறுபக்கத்திலும் அச்சிடும் அட்டவணை, மாணவர் காணவேண்டிய அவ்வெதிர்நிலையையே பிரித்துவிடுகிறது.

பொருளளவில் நிலைமை இன்னும் மோசம். சார்பு நோக்கு ஐயத்தைக் குறிக்கும் என்பது வழக்கமான விளக்கம். க்ரேயொ கெ ஆப்ல என்றால் 'அவர் பேசுகிறார் என நம்புகிறேன்'. நோ க்ரேயொ கெ ஆப்லெ என்றால் 'அவர் பேசுகிறார் என நான் நம்பவில்லை'. இவ்விரண்டையும் மட்டும் கண்டால் அவ்விளக்கம் போதுமானதாகவே தோன்றும். ஆனால் மெ அலேக்ர கெ ஆப்லெ தமீல் என்பதன் பொருள் 'அவர் தமிழ் பேசுவது எனக்கு மகிழ்ச்சி தருகிறது' என்பது. அவர் தமிழ் பேசுகிறார் என்பதில் இங்கு ஐயம் சிறிதும் இல்லை. ஆயினும் சார்பு நோக்கே வருகிறது. குவாந்தொ ஆப்லெ என்பது 'அவர் பேசும்போது' என வருங்காலத்தைக் குறிக்கும். நாளை அவர் பேசுவது உறுதியெனினும் சார்பு நோக்கே வரும்.

இவ்வெடுத்துக்காட்டுகள் அனைத்திற்கும் பொதுவானது ஐயமன்று. அச்செய்தியைப் பேசுவோர் தம் பொறுப்பில் புதிதாக அறிவிக்கவில்லை என்பதே பொதுக்கூறு. நம்பவில்லை என்பவர் அதனை அறிவிக்க மறுக்கிறார். மகிழ்கிறேன் என்பவர் அது தெரிந்த செய்தி எனக் கொண்டு தம் மகிழ்ச்சியை அறிவிக்கிறார். வருங்காலப் பேச்சைக் குறிப்பவர், இன்னும் நிகழாததை நிகழ்ந்த செய்தியாக அறிவிக்க இயலாதவராகிறார். ஆகவே இங்கு எதிர்நிலை, அறிவித்தலுக்கும் அறிவியாமைக்கும் இடையிலானது எனக் கொள்வதே பொருத்தம்.

இதனை மிகத் தெளிவாகக் காட்டுவது ஆசிரியரைத் தேடும் தொடரிணை. பூஸ்கொ அ உன் ப்ரொபெஸோர் கெ ஆப்ல தமீல் என்றால், தமிழ் பேசும் குறிப்பிட்ட ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவரைத் தேடுகிறேன் என்று பொருள். பூஸ்கொ உன் ப்ரொபெஸோர் கெ ஆப்லெ தமீல் என்றால், தமிழ் பேசக்கூடிய ஆசிரியர் எவரேனும் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இருக்கிறார் என நான் கூறவில்லை என்று பொருள். 'தமிழ் பேசும் ஆசிரியர் ஒருவரைத் தேடுகிறேன்' என்னும் தமிழ்த்தொடர் இவ்விரண்டிற்கும் இடந்தரும். தமிழ்ப் பெயரெச்சம் இவ்வேறுபாட்டைத் தன்னளவில் காட்டுவதில்லை. வேண்டின் பிற சொற்களால் காட்டும். இதனை ஒரு மொழியின் குறையாகவோ மற்றொன்றன் நிறையாகவோ கொள்ளுதல் தவறு. எங்கு எதனைக் கட்டாயமாகச் சொல்லவேண்டும் என்பதில் மொழிகள் வேறுபடுகின்றன என்பதே உண்மை.

6. அட்டவணையில் வாழ்வனவும் வழக்கொழிந்தனவும்

எல்லாக் கட்டங்களும் சம அளவில் வரையப்படுவதால் எல்லா வடிவங்களும் சமமாக வழங்குகின்றன என்னும் தோற்றம் உண்டாகிறது. சார்பு நோக்கின் எதிர்காலமான அப்லாரெ இன்றைய பேச்சுவழக்கில் இல்லை. அதன் இருப்பிடம் சட்டமொழியும் சில பழமொழிகளும். 1978-ஆம் ஆண்டு ஸ்பானிய அரசியலமைப்பின் 59-ஆம் பிரிவு, அரசர் தம் அதிகாரத்தைச் செலுத்த இயலாதவராகும் நிலையைக் கூறுமிடத்தில் இனபிலிதாரெ என்னும் வடிவத்தை ஆள்கிறது. அப்லார் வகையைச் சார்ந்த ஒழுங்கு வினை அது. கற்போர் இவ்வடிவத்தைப் படித்தறிய வேண்டும். பேசப் பழக வேண்டியதில்லை. அவ்வேறுபாட்டை அட்டவணை சொல்வதில்லை.

இதற்கு மாறாக, உயிர்ப்புடன் வழங்கும் வடிவங்கள் நெடுங்காலம் அட்டவணைக்கு வெளியே நின்றன. முன்னிலைப் பன்மையான அப்லாய்ஸ், அமெரிக்கக் கண்டத்து ஸ்பானியப் பேச்சில் பொதுவாக வழங்குவதில்லை. ஆயினும் அதற்கு ஓர் இடம் என்றும் உண்டு. அர்ஜென்டினா, உருகுவே முதலிய நாடுகளில் அன்றாடம் வழங்கும் முன்னிலை ஒருமையான அப்லாஸ் வடிவத்திற்குப் பாடநூல் அட்டவணைகளில் பெரும்பாலும் இடமில்லை. இவ்விரு வடிவங்களும் ஒரே பழைய வடிவத்திலிருந்து பிறந்த உடன்பிறப்புகள் என்பது கருதத்தக்கது. முன்னர்க் குறிப்பிட்ட 2005-ஆம் ஆண்டு அகராதி, தன் பட்டியல்களில் இவ்வமெரிக்க வடிவங்களையும் சேர்த்தது போற்றத்தக்க மாற்றம்.

நம் வட்டாரத்திற்கு அண்மையிலேயே மற்றொரு சான்று உண்டு. பிலிப்பீன்ஸ் நாட்டின் சம்போவாங்காவில் ஸ்பானியச் சொற்களைக் கொண்டு உருவான சாவகானோ மொழி பேசப்படுகிறது. அம்மொழியில் நூற்றெட்டுக் கட்டங்களும் மறைந்தன; அப்லா என்னும் ஒரே வடிவம் எஞ்சியது. யா அப்லா என்றால் பேசியாயிற்று. தா அப்லா என்றால் பேசுதல் நடைபெறுகிறது. ஆய் அப்லா என்றால் இனிப் பேசுதல் நிகழும். மலாய் மொழியின் சூடா, செடாங், ஆக்கான் ஆகியவற்றை அறிந்த நம் வாசகர்க்கு இவ்வமைப்பு விளங்காமற் போகாது. கட்டங்கள் மறைந்தும் கருத்து மறையவில்லை. ஆதலின் கட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு மொழியின் வளத்தை அளப்பது பொருந்தாது.

7. தமிழுக்கு வந்த அட்டவணை

இவ்வாராய்ச்சி தமிழாசிரியர்க்கு எவ்வகையில் பயன்படும் என்னும் வினா எழலாம். ஐபீரியத் தீவக்குறையில் இலத்தீன் அச்சில் வார்க்கப்பட்ட வினை அட்டவணை, தமிழுக்கும் வந்து சேர்ந்தது. 1492-இல் நெப்ரிஹா காஸ்தீலிய மொழிக்கு ஐந்து வினைநோக்குகளை வகுத்தார். அவற்றுள் வியங்கோள் நோக்கும் சார்பு நோக்கும் தனித்தனியே எண்ணப்பட்டன. அப்பாகுபாடு பழைய செம்மொழி இலக்கணங்களிலிருந்து வந்தது. 1540-இல் ஜொவாவ் தெ பாரோஸ் போர்த்துகீசிய மொழிக்கு இலக்கணம் எழுதினார். அவ்வழியில் பயின்ற சேசு சபைத் துறவி என்றிக்கே என்றிக்கெஸ், முத்துக்குளித்துறையில் தங்கி 1549 அளவில் தமிழுக்கு ஓர் இலக்கணத்தைப் போர்த்துகீசிய மொழியில் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தை நமக்குத் தந்த அண்டிரிக் அடிகளாரே இவர். லிஸ்பனில் கையெழுத்துப் படியாக இருந்த அவ்விலக்கணத்தை ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் ஆகிய இருவரும் மொழிபெயர்த்து 2013-இல் வெளியிட்டனர்.

அடிகளாரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது நம் கருத்தன்று. பேச்சுத்தமிழின் வினைகளை எழுத்தில் நிரல்படுத்திய அரும்பணி அது. ஆயினும், தமிழ் வினைகள் இலத்தீன் வழிப்பட்ட காலம், நோக்கு என்னும் தலைப்புகளின் கீழ் வைக்கப்படும் வழக்கம் அங்குத் தோன்றியது. வந்தால் என்பதை நம் மரபு வினையெச்சமாகக் கொண்டது. ஐரோப்பிய மரபு அதற்கு ஒரு நோக்கைத் தேடியது. 'நாளை வந்தால்' என்னும் தொடரில் இறந்தகால இடைநிலை நின்று வருங்கால நிகழ்வைக் கூறுவது ஏன் என்பதே உண்மையான வினா. ஸ்பானிய மொழியும் நிகழாததைக் கருதிக் கூறுமிடத்தில் அப்லார என்னும் இறந்தகால வடிவத்தையே ஆள்கிறது. இரு மொழிகளும் கருதுகோளைக் கூற இறந்தகாலத்தை நாடுகின்றன. தலைப்புகளைத் தேடுவோர் இவ்வொற்றுமையைக் காண்பதில்லை. வடிவங்களை நோக்குவோர் காண்பர்.

நம் வகுப்பறைகளிலும் இதன் நிழல் உண்டு. 'ஞாயிறு கிழக்கே உதிக்கும்' என்னும் தொடரின் வினைமுற்று எக்காலம் என வினவினால், அட்டவணை கற்ற மாணவர் எதிர்காலம் என்பர். அது நாள்தோறும் நிகழ்வது என்பதை அவர் அறிவார்; ஆயினும் அறிந்ததை விடுத்துத் தலைப்பையே விடையாக எழுதுவார். மொழியுணர்வுக்கும் தேர்வு விடைக்கும் இடையே இத்தகைய பிளவை ஏற்படுத்துவதே ஆராயப்படாத தலைப்புகளின் விளைவு. தமிழ் வீட்டுமொழியாக நிலைபெறுவது குறைந்துவரும் சூழலில், மாணவரிடம் எஞ்சியுள்ள மொழியுணர்வை நாமே ஐயுறச் செய்வது சிறிய இழப்பன்று.

முடிவுரை

வினைத்திரிபு அட்டவணையை விலக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபன்று. நினைவிற்கு அது துணைசெய்யும். ஆனால் அது பாடத்தின் தொடக்கமாக அமைதல் கூடாது. தொகுப்பாக இறுதியில் வருதல் வேண்டும். ஆப்ல, ஆப்லெ, அப்லாப, அப்லோ, அப்லரே, அப்லரீய என இணைகளாகத் தொடர்களில் கற்பித்த பின்னரே அவற்றைக் கட்டங்களில் நிரப்புதல் தகும். தலைப்புகளைக் கற்பிக்கும்போது, அவற்றை இட்டவர் யார், என்ன காரணத்தால் இட்டார் என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். வழக்கில் உள்ளவற்றையும் ஏட்டில் மட்டும் உள்ளவற்றையும் வேறுபடுத்திக் காட்டுதல் வேண்டும்.

பெல்லோ 1847-ஆம் ஆண்டு இலக்கணத்தின் முன்னுரையில், தம் மொழியை நோக்கும்போது உலகில் வேறு மொழியே இல்லை என்பதுபோல நோக்கவேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். இலத்தீன் அச்சை உடைக்க அவருக்கு அக்கருத்து தேவைப்பட்டது. நாம் அதனோடு ஒன்றைச் சேர்க்கலாம். முதலில் ஒவ்வொரு மொழியையும் அதனதன் வடிவங்களின் வழியே நோக்கி, அதன் பின்னர் ஒப்பிடுதல் வேண்டும். அவ்வாறு ஒப்பிடும்போது அப்லரீய என்பதன் அருகில் பேசவிருந்தேன் தானே வந்து நிற்கிறது. எந்தத் தலைப்பும் அவ்விரண்டையும் சேர்த்து வைக்கவில்லை, வடிவங்களே சேர்ந்துகொண்டன. அவ்வாறு சேர்வதைக் காணும் கண்ணை மாணவருக்குத் தருவதே இலக்கண ஆசிரியரின் பணி எனலாம்.